அளிந்த பழமும் அமெரிக்க அடுக்களையும்: வாழைப்பழப் பாணின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே வழங்கும் சமையற் குறிப்புகளுள் வாழைப்பழப் பாண் பற்றியது ஒருவகையிற் புதுமையானது. ஏனைய குறிப்புகள் புதிய முட்டை, நல்ல வெண்ணெய், பழுதற்ற பழம் எனத் தெரிந்தெடுத்த பொருள்களையே வேண்டிநிற்க, இஃதொன்று மட்டும் கெட்டுப்போகும் தறுவாயிலுள்ள பழத்தைக் கேட்கின்றது. தோல் கறுத்துச் சதை குழைந்து, அப்படியே உரித்துண்ண ஒருவரும் விரும்பாத நிலையை அடைந்த மூன்று பழங்களை மசித்து, அவற்றுடன் கோதுமை மா, சீனி, முட்டை, வெண்ணெய், அப்பச்சோடா ஆகியவற்றைச் சேர்த்து, நீள்சதுரத் தகரத்திலிட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போறணையில் வேகவைக்குமாறு அது பணிக்கும். பழம் எவ்வளவுக்கு அளிந்துள்ளதோ அவ்வளவுக்குப் பாண் சிறக்கும் என்பது அந்நாட்டு இல்லத்தரசியர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

வழிவழியாக என்னும் சொல்லே ஈண்டு ஆராய்தற்குரியது. பாட்டிமார் கைப்பக்குவமாகவும், சிக்கனம் பேணிய பழைய குடும்ப வாழ்வின் எச்சமாகவும் அமெரிக்க மக்கள் கருதும் இவ்வுணவு, அச்சிட்ட சமையல் நூல்களிற் பரவலாக இடம்பெறத் தொடங்கியது 1930களிலேதான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி ஒருத்தி வாழைப்பழத்தைக் கண்ணாற் கண்டிருப்பாளென்பதே ஐயத்துக்குரியது. அவ்வாறாயின், மிகக் குறுகிய காலத்தினுள் ஓர் அயல்நாட்டுக் கனியின் கழிவு எவ்வாறு ஒரு நாட்டின் மரபுணவாயிற்று? அளிந்த பழம் என்பது இயற்கையின் விளைவு. ஆயின் அளிந்த பழத்தினால் ஏற்படும் நட்டம் யாருடையது என்பது சமூகத்தின் ஏற்பாடு. இவ்வேற்பாட்டின் வழியே செல்லும்போதுதான் அடுக்களைக்கும் தோட்டத்துக்குமிடையிலான தொடர்பு புலனாகின்றது.

முதலிற் பெயரை நோக்கலாம். போர்த்துக்கேயர் வழியாக இலங்கைத் தமிழில் வந்துசேர்ந்த பாண் என்னுஞ் சொல் மதுவத்தினாற் புளிக்கவைத்துச் சுட்ட கோதுமை உணவையே குறிப்பது. வாழைப்பழப் பாணோ மதுவம் அறியாதது. இனிப்பாலும் வெண்ணெயாலும் அது கேக் இனத்தைச் சார்ந்தது. எனினும், விரைவுப் பாண் என அமெரிக்கர் வகுத்த ஒரு பிரிவினுள் அடங்குவதால் அப்பெயரையே தாங்கிநிற்கின்றது. மாவைப் பிசைந்து, பொங்கும்வரை காத்திருந்து, மீண்டும் பிசையும் தொழிலை நீக்கி, அமிலமுங் காரமுங் கலக்கும்போது வெளிப்படும் காபனீரொட்சைட்டு வாயுவினால் மாவை உயர்த்துவதே விரைவுப் பாணின் தத்துவமாகும்.

இத்தத்துவத்துக்கு அமெரிக்காவிற் பழைய வரலாறு உண்டு. காடழித்துக் குடியேறியோர் மரச்சாம்பலிலிருந்து பொற்றாசியம் காபனேற்றைப் பிரித்தெடுத்து விற்றனர். ஐக்கிய அமெரிக்க அரசு 1790ஆம் ஆண்டில் வழங்கிய முதலாவது புத்தாக்க உரிமமே இப்பொருளைச் செய்யும் முறைக்காக சாமுவேல் ஹொப்கின்ஸ் என்பவருக்குக் கொடுக்கப்பட்டதாகும். அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதற் சமையல் நூலெனக் கொள்ளப்படும் அமீலியா சிமன்சின் நூல் 1796இல் வெளிவந்தபோது, மாவை உயர்த்த இச்சாம்பற் காரத்தைப் பயன்படுத்தும் முறை அதில் இடம்பெற்றிருந்தது. பின்னர் 1846இல் ஜோன் டுவைற், ஒஸ்ரின் சேர்ச் ஆகிய இருவரும் அப்பச்சோடாவைப் பொதிசெய்து விற்கத் தலைப்பட்டனர். 1856இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எபன் ஹோஸ்போட், சோடாவுடன் வினைபுரியத்தக்க பொசுபேற்று அமிலப் பொருளொன்றுக்கு உரிமம் பெற்றார். பேக்கிங் பவுடர் எனும் பண்டம் பெருந்தொழிலாக வளர்ந்தது இதன் பின்னரேயாம். எனவே, வாழைப்பழம் வந்துசேர்வதற்கு முன்பே அதனை ஏற்கவல்ல மாவும் சோடாவும் அமெரிக்க அடுக்களையிற் காத்திருந்தன எனலாம். வாழைப்பழம் மென்மையான அமிலத் தன்மை வாய்ந்ததாதலால் சோடாவுடன் அது நன்கு பொருந்துவதாயிற்று.

இனிப் பழத்தின் வருகை. 1870ஆம் ஆண்டில் லொரென்சோ டௌ பேக்கர் என்னும் கப்பற் தலைவர் ஜமேக்காவில் 160 வாழைக்குலைகளை வாங்கித் தமது பாய்க்கப்பலில் ஏற்றி, பதினொரு நாட் பயணத்தின்பின் ஜேர்சி நகரில் விற்று நல்ல இலாபம் ஈட்டினார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஒவ்வொரு பழமும் உலோகத்தாளிற் சுற்றப்பட்டுப் பத்துச் சதத்துக்கு விற்கப்பட்டது. அன்று அது காட்சிப்பொருள். ஆயின் ஒரு தலைமுறை கழிவதற்குள் அது ஏழைகளின் பழமாகிவிட்டது. 1885இல் பேக்கரும் அன்ட்ரூ பிரெஸ்ரனும் சேர்ந்து பொஸ்ரன் பழக் கம்பனியை நிறுவினர். மறுபுறத்தில், கொஸ்தாரிக்காவிலே தலைநகர் சன் ஹோசேயிலிருந்து லிமோன் துறைமுகத்துக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த மைனர் கீத், பாதையோரம் வாழை நட்டு, ஏற்றுதற்குப் பயணிகளில்லாத வண்டிகளிற் குலைகளை ஏற்றினார். 1871இற் தொடங்கி 1890இல் நிறைவெய்திய அப்பாதையை அமைப்பதில் ஜமேக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நோய்க்கும் களைப்புக்கும் இரையாயினர். 1899 மார்ச்சு 30ஆந் திகதி இவ்விரு முயற்சிகளும் ஒன்றிணைந்து யுனைற்றட் புரூட் கம்பனி தோன்றிற்று. நிலம், புகையிரதம், துறைமுகம், கப்பல், தந்தி ஆகிய யாவும் ஒரே கையில் அடங்கின. மத்திய அமெரிக்க மக்கள் அதனை ஒக்டோபஸ் எனப் பெயரிட்டழைத்தமை பொருத்தமற்றதன்று. வாழைப்பழக் குடியரசு என்ற ஏளனத் தொடரை எழுத்தாளர் ஓ. ஹென்றி 1904இல் முதன்முதலிற் பயன்படுத்தியதும் இப்பின்னணியிலேயாம்.

இத்தகைய பேரமைப்பு ஏன் வேண்டப்பட்டது என்னும் வினாவுக்கு விடை பழத்தின் இயல்பிலேயே உள்ளது. கோதுமையைக் களஞ்சியத்தில் வைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வாழைக்குலை யாருக்காகவும் காத்திராது. பச்சைக் காயின் சதையில் நிறைப்படி நூற்றுக்கு இருபதளவு மாப்பொருளாக இருக்கும். கனியுந்தோறும் நொதியங்கள் அம்மாப்பொருளை வெல்லமாக மாற்ற, முற்றக் கனிந்த பழத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் எஞ்சும். கலங்களைப் பிணைத்துநிற்கும் பெத்தின் சிதைந்து சதை குழையும், தோல் கறுக்கும், மணம் மிகும். இம்மாற்றத்தைத் தூண்டும் எதிலீன் வாயுவைப் பழமே வெளிவிடுகின்றது. கப்பலின் அடித்தட்டில் ஒரு குலை முந்திக் கனிந்தாற் சூழவுள்ள குலைகளையும் அது கனியச்செய்துவிடும். ஏறத்தாழ 12 முதல் 14 பாகை செல்சியசு வெப்பநிலையிற் பேணினாற் கனிதல் தாமதமாகும். அதனிலும் மிகக் குளிர்ந்தாற் காய் சேதமுற்றுத் தோல் கறுக்கும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கம்பனி குளிரூட்டப்பட்ட கப்பல்களைக் கட்டியது. கடலிலுள்ள கப்பலுடனும் கரையிலுள்ள தோட்டத்துடனும் தொடர்புகொள்ள வானொலித் தந்தியைப் பெரும் பொருட்செலவில் நிறுவியது. கப்பல் வரும் நாளைக் கணித்து, வெட்டும்படி கட்டளை பிறக்கும். ஒரிரு நாட்களுள் ஆயிரக்கணக்கான குலைகள் புகையிரதப் பாதையோரம் வந்து குவிதல் வேண்டும். இரவென்றும் மழையென்றும் அங்கு வேறுபாடில்லை.

இவ்வளவு முன்னேற்பாட்டின் பின்னரும் ஒரு பகுதிப் பழம் காலந்தப்பிக் கனிந்தே தீரும். அந்நட்டத்தை யார் சுமப்பது? ஏகபோகத்தின் வல்லமை இவ்விடத்திற்றான் தெளிவாகப் புலப்படுகின்றது. தன் சொந்தத் தோட்டங்களுக்குப் புறம்பாக, உள்ளூர்த் தோட்டக்காரரிடமிருந்தும் ஒப்பந்தப்படி கம்பனி குலை வாங்கிற்று. ஆயினும் பாதையோரத்தில் நின்று குலைகளைப் பார்வையிடும் கம்பனிப் பரிசோதகர், தடித்தது, மெலிந்தது, அடிபட்டது, முற்றியது எனக் காரணங்காட்டி அவற்றைத் தள்ளிவிடலாம். தள்ளப்பட்ட குலைக்குப் பணமில்லை. வேறு கொள்வனவாளருமில்லை, இருந்தாலும் ஏற்றிச்செல்லப் புகையிரதமுங் கப்பலும் கம்பனியினுடையவை. வெட்டிய கூலி, சுமந்த கூலி யாவும் தோட்டக்காரன் தலையில் விழும். சந்தை மந்தமான வாரங்களிற் பரிசோதகரின் கண் கூர்மையடைவதாகத் தோட்டக்காரர் முறையிட்டனர். துறைமுகத்தை அடைந்தபின், வழியிற் கனிந்துவிட்டவை பிரிக்கப்பட்டுத் தள்ளுவண்டிக்காரருக்கு மலிவாகத் தள்ளப்பட்டன. நல்ல குலைகள் கம்பனியின் விநியோகக் கிளையான புரூட் டிஸ்பாச் கம்பனி மூலம் உள்நாட்டு மொத்த வணிகரைச் சென்றடைந்தன. அவர்கள் கனியவைக்கும் அறைகளிலே பழுக்கவைத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தனர். கடைக்காரன் குலையைக் கடைவாயிலில் தொங்கவிட்டுச் சீப்புச் சீப்பாக வெட்டி விற்றான். ஒவ்வொரு படியிலும், அளியப்போகும் பழத்தை அடுத்தவன் கையில் ஒப்படைத்துவிடுவதே வணிகத்தின் சாமர்த்தியமாயிருந்தது. கடைசிக் கை இல்லத்தரசியினுடையது. அவள் அதனை எவரிடமும் ஒப்படைக்க முடியாது.

முதற் கையான தொழிலாளியின் நிலையோ இன்னும் வேறானது. கொலம்பியாவின் மக்டலேனா பிரதேசத்தில் 1928 நவம்பர் 12ஆந் திகதி வாழைத்தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தமொன்றைத் தொடங்கினர். கம்பனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டுகளுக்குப் பதிலாகக் காசாகக் கூலி தருதல், வார ஓய்வு, விபத்துக்கு நட்டஈடு, சுகாதாரமான குடியிருப்பு என்பன அவர்களுடைய கோரிக்கைகளுட் சில. இடைத்தரகர் மூலம் அமர்த்தப்பட்டவர்கள் தன் தொழிலாளர் அல்லர் என்பது கம்பனியின் வாதம். அளிந்த பழத்தின் நட்டத்தை ஒப்பந்தத்தினாற் கைகழுவிய முறையிலேயே ஆளின் பொறுப்பையும் அது கைகழுவ முற்பட்டமை கவனிக்கத்தக்கது. டிசம்பர் 5ஆந் திகதி இரவு சியெனகா நகரப் புகையிரத நிலையச் சதுக்கத்திற் கூடியிருந்த மக்கள்மீது, நள்ளிரவு கடந்த வேளையில் இராணுவம் சுட்டது. இறந்தோர் 47 பேர் என அப்படையின் தளபதி கோர்ட்டேஸ் வர்காஸ் ஒப்புக்கொண்டார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எனக் கொலம்பியாவிலிருந்த அமெரிக்கத் தூதரகமே 1929 தொடக்கத்திற் தன் அரசாங்கத்துக்கு அறிவித்தது. அவ்விரு எண்களுக்குமிடையிலுள்ள இடைவெளி இன்றளவும் நிரப்பப்படவில்லை. அப்பிரதேசத்து அரகட்டாக்காவில் 1927இற் பிறந்த கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட நாவலில் இந்நிகழ்ச்சியைப் புனைந்துரைத்ததனாலேயே உலகம் இதனை நினைவிற் கொண்டிருக்கின்றது. கொஸ்தாரிக்காவிலும் 1934இல் வாழைத்தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதற்குத் தலைமை தாங்கியோருள் ஒருவரான கார்லோஸ் லூயிஸ் பாயாஸ் தாமே தோட்டத்தில் உழைத்தவர். தம் அனுபவத்தைப் பின்னர் நாவலாக எழுதியவர்.

சியெனகாச் சூட்டுக்கு அடுத்த ஆண்டில், 1929 ஒக்ரோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையிழந்திருந்தனர். விளைபொருள் விலையோ அதலபாதாளத்திற் கிடந்தது. 1932இல் ஒரு புசல் கோதுமை விவசாயிக்கு நாற்பது சதமும் ஈட்டித்தரவில்லை. களஞ்சியத்திற் கோதுமை நிறைந்திருக்க, நகரத் தெருக்களில் இலவசப் பாணுக்காக மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. உண்பொருளை எறிதல் பாவமெனக் கருதும் மனப்பாங்கு மத்தியதர வர்க்கத்து வீடுகளிலும் வேரூன்றியது. 1933இல் பில்ஸ்பரி மாவுக் கம்பனி வெளியிட்ட சமையல் நூலில் வாழைப்பழப் பாணுக்கான குறிப்பு இடம்பெற்றது. அப்பாண் பரவலடைந்தமைக்கு முதன்மையான சான்றாக வரலாற்றாசிரியர் காட்டுவது இதனையேயாம்.

பட்டினியால் வாடிய ஒரு தாய், கறுத்த பழத்தை எறிய மனமின்றி மாவுடன் கலந்து சுட்டாள் என்று வழங்கும் கதை உருக்கமானது. ஆனால் அத்தாய்க்குப் பெயருமில்லை, ஊருமில்லை. அவ்வாறு செய்த பெண்கள் பலர் இருந்திருக்கலாம். கைப்பட எழுதிய குறிப்பேடுகளும் பத்திரிகை வாசகியர் பகுதிகளும் அச்சு நூல்களுக்கு எப்போதும் முந்தியவை. எனினும், அவர்தம் கண்டுபிடிப்பு நாடு முழுவதற்கும் ஒரே அளவு, ஒரே வெப்பநிலை, ஒரே வடிவத் தகரம் என்ற நிலையை அடைந்தமை வணிக நிறுவனங்களின் அச்சகங்களினாலேயாம். மாவுக் கம்பனி மாவை விற்க விரும்பிற்று. பேக்கிங் பவுடர்க் கம்பனி தன் பண்டத்தை விற்க விரும்பிற்று. பழக் கம்பனியோ மனையியல் பயின்ற பெண்களை அமர்த்தித் தனிப் பிரிவொன்றை நடத்தி, சமையற் பிரசுரங்களை இலட்சக்கணக்கான வீடுகளையும் பாடசாலைகளையும் நோக்கி அனுப்பியது. 1908இன் இறுதியில் அமெரிக்க மனையியற் சங்கம் அமைந்ததிலிருந்து அக்கல்வி பாடசாலைகளில் நிலைபெற்று வந்தமையால், அளவுக் கரண்டியும் வெப்பமானியும் பாட்டியின் கைமணத்தைவிட நம்பகமானவை என்னும் எண்ணம் இளம் பெண்களிடம் ஏற்கெனவே ஊன்றியிருந்தது. 1915ஆம் ஆண்டளவில் வெப்பநிலையைத் தானே சீராக்கும் எரிவாயு அடுப்பும் சந்தைக்கு வந்துவிட்டது. விறகுப் போறணையில் ஒரு மணி நேரம் கண் இமையாது காவலிருந்தவளின் தொழிலை ஒரு திருகாணி ஏற்றுக்கொண்டது.

பழக் கம்பனியின் பிரசுரங்கள் கற்பித்தவற்றுள் மிக நுட்பமானது தோலின் நிறம் பற்றிய பாடமாகும். நுனி பச்சையாயிருக்கும் பழம் அவித்துப் பொரிப்பதற்கு. முழு மஞ்சட் பழம் இடைநிலை. கபிலப் புள்ளிகள் விழுந்ததே முற்றக் கனிந்து உண்ணவும் வெதுப்பவும் ஏற்றது என்பது அப்பாடம். அறிவியல்படி இது பிழையன்று. புள்ளி விழுந்த பழத்திற் சீனி மிகுதி, மணமும் மிகுதி. ஆயினும், கடைக்காரனால் விற்கமுடியாது தேங்கும் பழத்தைக் குறைபாடுடையதாக அன்றிச் சிறப்புடையதாகக் காணுமாறு வாங்குவோரின் கண்ணையே அது பயிற்றுவித்தது. 1944இல் வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கிய சிக்கிற்றா வாழைப்பழப் பாட்டும், வாழைப்பழ உருவிற் தோன்றிய கற்பனைப் பெண்ணொருத்தியின் வாயிலாக, கபிலப் புள்ளியைக் கொண்டாடவும் பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதிருக்கவும் மக்களுக்குப் போதித்தது.

வாழைப்பழப் பாண் உண்மையிற் சிக்கனமானதுதானா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வழக்கமான குறிப்பொன்றை எடுத்துநோக்கின், சில சதம் பெறுமதியான மூன்று பழங்களைக் காப்பதற்காக இரண்டு கோப்பை மாவும், ஒரு கோப்பை வரையில் சீனியும், இரண்டு முட்டையும், அரைக் கோப்பை வெண்ணெயும், ஒரு மணி நேர எரிபொருளும் செலவாவதைக் காணலாம். எறியவேண்டிய பொருளின் பெறுமதியிலும் அதனைக் காக்கும் செலவு மிகுதி. உண்மையிலேயே வறுமையுற்றவள் அப்பழத்தைத் தோலுரித்துக் குழந்தைக்கு ஊட்டியிருப்பாள். ஆகவே, இது வறியோரின் உணவென்பதிலும், வறுமை வந்துவிடுமோவென அஞ்சிய, ஆயினும் மாவும் முட்டையும் வாங்க வல்ல வீட்டாரின் உணவென்பதே பொருத்தமாகும். மறுபக்கமும் கூறப்படல் வேண்டும். மாவும் முட்டையும் என்றுமில்லாதவாறு மலிந்திருந்தன. பழத்தின் இனிப்புச் சீனியைக் குறைக்க இடந்தந்தது. பழத்தின் ஈரத்தால் அப்பாண் பல நாட்கள் உலராது கிடந்து, பாடசாலை செல்லும் பிள்ளைக்கும் வேலை தேடிச் செல்லும் கணவனுக்கும் கட்டிக்கொடுக்க உதவிற்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், சிக்கனம் என்ற நற்குணம் நுகர்வு என்னும் வணிகத் தேவையோடு பகையின்றி இணைந்துகொண்ட ஓர் இடமாக இப்பாண் தோன்றுகின்றது.

வாழை விளையும் நாடுகளில் அளிந்த பழம் இத்துணைப் பெரிய பிரச்சினையாக எழவில்லை. உகண்டா, ருவாண்டா, புருண்டி முதலிய நாடுகளிற் கனிந்த வாழையிலிருந்து மது வடிப்பது தொன்றுதொட்ட வழக்கம். உகண்டாவில் மரவள்ளி மாவுடன் சிறு பழங்களை மசித்துச் சேர்த்துப் பொரிப்பர். கேரளத்து உண்ணியப்பத்தில் அரிசிமாவுடன் பழம் சேரும். ஈழத்துத் தமிழர் நன்கறிந்த வாய்ப்பனும் இவ்வகையினதே. தேநீர்க் கடை வாயிலிற் தொங்கும் குலையில் விலைபோகாது அளிந்த பழங்கள் கோதுமை மாவுடனுஞ் சீனியுடனும் பிசையப்பட்டு, மாலையிற் கொதியெண்ணெயில் உருண்டைகளாக விழுந்து வாய்ப்பனாக எழும். இங்கே பழத்தை விற்பவனும் வாய்ப்பன் சுடுபவனும் ஒருவனே. நட்டம் வேறொருவர் வீடுவரை பயணஞ் செய்வதில்லை. வாய்ப்பனுக்கு வேண்டிய கோதுமை மாத்தான் கடல்கடந்து வந்தது. அமெரிக்கப் பாணுக்கு வேண்டிய பழம் கடல்கடந்தது போல. இரு பண்டங்களும் எதிரெதிர்த் திசையிற் சென்ற கப்பல்களால் ஆனவை என்பது சுவையான ஓர் ஒப்புமை.

இரண்டாம் உலகப்போர் இவ்வரலாற்றில் ஓர் இடையீடு. கப்பல்கள் போர்ப்பணிக்குத் திருப்பப்பட்டன. பிரித்தானியா 1940 நவம்பரில் வாழைப்பழ இறக்குமதியை முற்றாக நிறுத்திற்று. அங்குள்ள பெண்கள் ஒருவகை வெள்ளைக் கிழங்கை அவித்து மசித்து, வாழைப்பழச் சாரம் சேர்த்து, பிள்ளைகளுக்குப் போலி வாழைப்பழம் செய்துகொடுத்தனர். 1945இன் இறுதி நாட்களில் முதற் கப்பல் மீண்டும் வந்தபோது, பழத்தை எவ்வாறு உரிப்பதென்று அறியாத பிள்ளைகள் அந்நாட்டில் இருந்தனர். போர் முடிந்தபின் அமெரிக்காவிற் பழம் மீண்டும் தாராளமாயிற்று. ஆயினும் தோட்டங்களில் அமைதி திரும்பவில்லை. குவாத்தமாலாவில் கம்பனியின் பயிரிடப்படாத நிலங்களை 1952ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ்ச் சுவீகரித்த ஆர்பென்சு அரசாங்கம், அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஏற்பாட்டில் 1954இற் கவிழ்க்கப்பட்டமை நன்கறியப்பட்டதே.

அளிந்த பழத்தின் வரலாற்றிற்கு அதனிலும் நேரடியாகத் தொடர்புடையது அதேகாலத்தில் நிகழ்ந்த மற்றொரு மாற்றம். ஆரம்ப காலத்து அமெரிக்கச் சமையல் நூல்கள் கருதிய பழம் குறோ மிசெல் என்னும் இனம். தடித்த தோலும், குலையாகவே அடுக்கி அனுப்பத்தக்க உறுதியும் வாய்ந்தது. பனாமா நோய் என்னும் மண்வழிப் பங்கசு நோய் அவ்வினத் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தது. 1960களின் இறுதிக்குள் அதன் இடத்தைக் கவென்டிஷ் இனம் பெற்றுவிட்டது. கவென்டிஷின் தோல் எளிதிற் கன்றுமாதலால், குலையாக அனுப்புதல் கைவிடப்பட்டு, தோட்டத்திலேயே சீப்பாக வெட்டிக் கழுவி அட்டைப் பெட்டியில் அடைக்கும் முறை வந்தது. தொழிலாளிக்கு அது புதிய வேலையையும், புதிய இரசாயன மருந்துகளையுங் கொண்டுவந்தது. வீட்டாருக்கோ, ஒரே நாளில் வெட்டி ஒரே அறையிற் கனியவைத்த ஐந்தாறு பழங்கள் ஒருங்கே வந்துசேர்ந்தன. அவை கனிவதும் ஒருங்கேதான். நான்கைத் தின்பதற்குள் மிகுதி கறுத்துவிடும். தேவைக்கேற்ப ஒன்றிரண்டாகக் கடைக் குலையிலிருந்து வெட்டி வாங்கிய காலத்திலும் பார்க்க, அளிந்த பழம் இப்போது ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் வாரந்தோறும் பிறக்கலாயிற்று. மந்தகாலம் மறைந்து செழிப்பு வந்த பின்னரும் வாழைப்பழப் பாண் வழக்கொழியாமைக்கு இது ஒரு காரணமாகலாம்.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் உலகின் பல நாடுகளில் மக்கள் வீடுகளுள் அடைபட்டிருந்த மாதங்களில் இப்பாண் மீண்டும் பெரும் புகழெய்தியது. கடைகளில் மதுவம் கிடைப்பது அரிதாயிருந்தது. சோடாவில் உயரும் பாணுக்கு அத்தடையில்லை. ஒருமுறை வாங்கியதை நெடுநாள் வைத்துத் தின்ற வீடுகளிற் பழம் கறுத்தமையும் இயல்பே. முன்பின் அடுப்பருகே செல்லாத இளைஞர் பலர் தாம் சுட்டதைப் படம்பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பினர். வேலையிழப்பும் அச்சமும் நிலவிய காலத்தில் மக்கள் 1930களின் உணவைத் தேடிச் சென்றனர் என அப்போது பலர் எழுதினர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயின் அந்நாட்களிலும் தோட்டங்களில் வெட்டும் வேலை நிற்கவில்லை. வாழை உற்பத்தி இன்றியமையாத சேவையெனக் கருதப்பட்டுப் பழம் தடையின்றிக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்திய ஆண்டில், 2019 ஓகத்தில், கவென்டிஷ் இனத்தையும் கொல்லவல்ல பனாமா நோயின் புதிய வகை இலத்தீன் அமெரிக்காவில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. கண்டறியப்பட்ட இடம் கொலம்பியாவின் லா குவாஹிரா மாகாணம். சியெனகா அமைந்துள்ள மக்டலேனாவின் அயல் மாகாணம் அது. அங்குள்ள தோட்டங்களின் வாயில்களிற் தொழிலாளர் தம் சப்பாத்துகளைக் கிருமிநாசினியில் தோய்த்த பின்னரே உள்ளே செல்கின்றனர்.